பரணில் கிடக்கும் சிறிய லென்ஸ்



கல்யாண வீட்டிலோ விளையாட்டு மைதானத்திலோ புகைப்படம் எடுப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தால் சிறுவர் கூட்டம் அவர் பின்னாலேயே போகும். யாருடைய லென்ஸ் பெரியதோ அவரே பெரிய புகைப்படக்காரர் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஒரு காலத்தில் என்னுடைய எண்ணமும் அதுவே. அந்த எண்ணத்துக்காக நான் மூன்று ஆண்டுச் சேமிப்பைத் தொலைத்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த கருத்து அதற்கு நேர் எதிரானது. தொலைவில் உள்ளவற்றைப் படம் பிடிக்க ஆசைப்படும் மாணவர் முதலில் தேட வேண்டியது புதிய பெரிய லென்ஸை அன்று. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் செய்யப்பட்ட சிறிய ஜூம் லென்ஸையே அவர் தேட வேண்டும். விலை குறைவு என்பது ஒரு காரணம்தான். அந்தச் சிறிய குழாய் எப்படிச் சிறியதாயிற்று என்று கேட்டுக்கொண்டே போனால், பாடப் புத்தகத்தில் நீங்கள் படிக்கும் ஒளியியல் முழுவதும் உங்கள் உள்ளங்கையில் வந்து உட்காரும். எனக்கு அதுவே முக்கியமான காரணம்.

நீளம் எதற்கு?

100 மீட்டர் தொலைவில் 10 மீட்டர் உயரமுள்ள ஒரு தென்னை மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண காமிராவில் இருக்கும் 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் அம்மரத்தின் பிம்பத்தைப் பிலிமில் 5 மி.மீ. உயரத்தில் விழச் செய்யும். பிலிம் சட்டத்தின் அளவு 24 மி.மீ.க்கு 36 மி.மீ. அதில் 5 மி.மீ. மரம் என்பது ஒரு தீக்குச்சித் தலை போலத்தான் தெரியும். குவியத் தூரத்தை 150 மி.மீ. ஆக்கினால் பிம்பம் 15 மி.மீ. ஆகும். 200 மி.மீ. ஆக்கினால் 20 மி.மீ. ஆகும். குவியத் தூரம் எத்தனை மடங்கோ, தொலைப்பொருளின் பிம்பமும் அத்தனை மடங்கு. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒற்றைக் குவிலென்ஸை வைத்து 200 மி.மீ. குவியத் தூரம் வேண்டுமென்றால், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே 200 மி.மீ. தூரம் இருந்தே தீர வேண்டும். 500 மி.மீ. வேண்டுமென்றால் அரை மீட்டர். இப்படிப் போனால் காமிராவைத் தூக்க ஒருவர், லென்ஸைத் தூக்க ஒருவர் என்று ஆகிவிடும்.

இந்தத் தொல்லைக்கு விடை புகைப்படக் கலை பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளரை நீங்கள் அறிவீர்கள். அவர் 1611-இல் எழுதிய ஒளியியல் நூலில், ஒரு குவிலென்ஸுக்குப் பின்னால் ஒரு குழிலென்ஸை வைத்தால் திரையில் விழும் பிம்பம் பெரிதாகும் என்று விளக்கியிருந்தார். காமிராவுக்கு ஏற்ற முறையில் அதைச் செய்து காட்ட 280 ஆண்டுகள் ஆயின. 1891-இல் லண்டனில் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர் அத்தகைய லென்ஸை உருவாக்கினார். ஏறத்தாழ அதே சமயத்தில் ஜெர்மனியில் மீத்தே என்பவரும் ஸ்டைன்ஹைல் என்பவரும் தனித்தனியே அதே வழியைக் கண்டார்கள். இதுவே டெலிபோட்டோ லென்ஸ்.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 20 செ.மீ. குவியத் தூரமுள்ள ஒரு குவிலென்ஸையும், 10 செ.மீ. குவியத் தூரமுள்ள ஒரு குழிலென்ஸையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். வெயில் பட்டுப் பளிச்சென்று தெரியும் தூரத்து மரம் ஒன்றை நோக்கிக் குவிலென்ஸை நிறுத்துங்கள். (சூரியனை நோக்கி ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.) பின்னால் 20 செ.மீ. தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் மரம் தலைகீழாக விழும். அதன் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, குவிலென்ஸுக்குப் பின்னால் 14 செ.மீ. தூரத்தில் குழிலென்ஸை வையுங்கள். பழைய இடத்தில் பிம்பம் கலைந்து போயிருக்கும். தாளை மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள். குழிலென்ஸிலிருந்து 15 செ.மீ. தூரம் வந்ததும் மரம் மறுபடியும் தெளிவாகத் தெரியும். இப்போது அளந்து பாருங்கள். முன்னைவிட இரண்டரை மடங்கு உயரம் இருக்கும். அதாவது, 50 செ.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் செய்ய வேண்டிய வேலையை உங்கள் இரட்டை லென்ஸ் செய்கிறது. ஆனால் முன் லென்ஸிலிருந்து தாள் வரை மொத்த நீளம் 14-உம் 15-உம் சேர்ந்து 29 செ.மீ. மட்டுமே. 21 செ.மீ. மிச்சம்!

இதற்குக் காரணம் எளியது. குவிலென்ஸ் ஒளிக்கதிர்களைச் சட்டென்று ஒன்றுகூட்டப் பார்க்கிறது. அவை கூடுவதற்குச் சற்று முன்னால் குழிலென்ஸ் குறுக்கிட்டு, "கொஞ்சம் மெதுவாகக் கூடுங்கள்" என்று அவற்றை விரிக்கிறது. கதிர்கள் இப்போது மிகக் குறுகிய கோணத்தில் வந்து கூடுகின்றன. தாளில் இருந்து பின்னோக்கிப் பார்த்தால், வெகு தூரத்தில் இருக்கும் ஒரு லென்ஸிலிருந்து அவை வருவது போலத் தோன்றும்.

மிச்சம் பிடித்ததற்கு விலை கொடுக்காமல் முடியுமா? தாளைக் கூர்ந்து பாருங்கள். பிம்பம் பெரிதானதோடு மங்கலாகவும் ஆகியிருக்கும். உயரம் இரண்டரை மடங்கு, அகலமும் இரண்டரை மடங்கு. எனவே அதே ஒளி 6.25 மடங்கு பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. காமிரா லென்ஸின் மேல் 'எஃப்' என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். உங்கள் குவிலென்ஸின் விட்டம் 5 செ.மீ. என்றால், தனியாக இருந்தபோது அதன் எண் 20-ஐ 5-ஆல் வகுக்க வரும் 4. குழிலென்ஸ் சேர்ந்தபின் 50-ஐ 5-ஆல் வகுக்க 10. எண் ஏறினால் ஒளி குறையும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் லென்ஸ் வாங்கும்போது உதவும்.

ஜூம் என்னும் சங்கடம்

அதே சோதனையை ஒரு படி மேலே கொண்டு போவோம். குழிலென்ஸை 1 செ.மீ. பின்னுக்கு நகர்த்தி 15 செ.மீ. தூரத்தில் வையுங்கள். பிம்பம் இப்போது குழிலென்ஸுக்குப் பின்னால் 10 செ.மீ. தூரத்தில் விழும். அதன் அளவு முதல் பிம்பத்தைப் போல இரண்டு மடங்கு. அதாவது குவியத் தூரம் 50 செ.மீ. ஆக இருந்தது 40 செ.மீ. ஆகிவிட்டது. ஒரு லென்ஸைச் சற்றே நகர்த்திக் குவியத் தூரத்தை மாற்றிவிட்டீர்கள். ஜூம் லென்ஸின் அடிப்படை இதுதான்.

ஆனால் மொத்த நீளம் 29 செ.மீ. ஆக இருந்தது இப்போது 25 செ.மீ. அதனால் தாளை 4 செ.மீ. முன்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. தாளை நகர்த்தலாம். காமிராவுக்குள் இருக்கும் பிலிமை நகர்த்த முடியுமா? முடியாது. ஆகவே, அளவை மாற்ற ஒரு வில்லைக் குழு நகரும்போதே, பிம்பம் இடம் மாறாமல் பிடித்து நிறுத்த இன்னொரு வில்லைக் குழுவும் நகர வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் போதாது. ஒன்று நேராகப் போக, மற்றது கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே திரும்ப வேண்டியிருக்கலாம். உலோகக் குழாயில் வளைவான பள்ளங்களை வெட்டி, அவற்றில் முளைகளை ஓடவிட்டு இதைச் சாதிக்கிறார்கள். அந்தப் பள்ளம் மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு தவறினாலும் படம் தெளிவை இழக்கும்.

அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் இத்தகைய லென்ஸுக்கு 1902-இலேயே காப்புரிமை பெற்றார். சினிமாக் காமிராவுக்கான 40-120 மி.மீ. ஜூம் லென்ஸ் 1932-இல் வந்தது. நாம் கையில் பிடிக்கும் 35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கு முதல் ஜூம் லென்ஸ் 1959-இல்தான் வந்தது. ஃபிராங்க் பேக் வடிவமைத்த ஃபோக்ட்லண்டர் ஜூமார் என்னும் அதன் வீச்சு 36-82 மி.மீ.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் கணக்கு. ஒரே குவியத் தூரமுள்ள லென்ஸுக்கு ஒருமுறை பிழை திருத்தினால் போதும். ஜூம் லென்ஸுக்கு ஒவ்வொரு நிலையிலும் திருத்த வேண்டும். கணிப்பொறி வந்த பிறகே அந்தக் கணக்கு மனிதர் கைக்கு அடங்கியது.

மற்றொரு காரணம் பிரதிபலிப்பு. பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒளி படும்போது ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதம் திரும்பிப் போய்விடுகிறது. ஒரு ஜூம் லென்ஸில் 9 வில்லைக் குழுக்கள் இருந்தால் காற்றைத் தொடும் பரப்புகள் 18. 0.96-ஐ 18 முறை பெருக்கிப் பாருங்கள். விடை 0.48. பாதிக்கு மேற்பட்ட ஒளி பிலிமைச் சேர்வதில்லை! திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்க வைக்கும். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். 1970-களில் பல அடுக்குப் பூச்சு பரவியது. ஒவ்வொரு பரப்பிலும் இழப்பு அரை சதவீதமாகக் குறைந்தால், அதே 18 பரப்புகளைக் கடந்து 91 சதவீத ஒளி வந்து சேரும். பழைய லென்ஸின் முகப்பை வெளிச்சத்தில் சாய்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அது அழகுக்காக வைத்ததன்று.

சிறியதாக்கியவர்கள்

கணக்கும் கைகூடி, பூச்சும் கிடைத்த அந்தச் சமயத்தில் ஜப்பானில் ஒரு நல்ல போட்டி தொடங்கியது. ஒலிம்பஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைத்தானி, கண்ணாடி மடித்துப் பார்க்கும் காமிராக்கள் தேவைக்கு மேல் கனமாக இருப்பதாகக் கருதினார். அவர் வடிவமைத்த சிறிய காமிரா 1972-இல் வெளியானது. மறு ஆண்டு ஓ.எம்.-1 என்று பெயர் பெற்றது. 1976-இல் பென்டாக்ஸ் நிறுவனமும் எம்.ஈ. என்ற சிறிய காமிராவைக் கொண்டுவந்தது. காமிரா சிறுத்தால் லென்ஸும் சிறுக்க வேண்டுமல்லவா? அந்தப் போட்டியில் பிறந்தவையே நான் தேடச் சொல்லும் லென்ஸ்கள்.

சிலவற்றைச் சொல்கிறேன். அளவுகள் ஏறத்தாழ இவ்வாறு இருக்கும். ஒலிம்பஸ் ஜுய்க்கோ 75-150 மி.மீ., எஃப் 4: நீளம் 115 மி.மீ., எடை 440 கிராம். பென்டாக்ஸ்-எம் 75-150 மி.மீ., எஃப் 4: நீளம் 111 மி.மீ., எடை 465 கிராம். 1980-இல் வந்த நிக்கான் சீரீஸ் ஈ 75-150 மி.மீ., எஃப் 3.5: நீளம் 125 மி.மீ., எடை 520 கிராம். சற்று அதிக வீச்சு வேண்டுவோருக்குப் பென்டாக்ஸ்-எம் 80-200 மி.மீ., எஃப் 4.5: நீளம் 141 மி.மீ., எடை 555 கிராம். எல்லாமே ஒரு தண்ணீர்த் தம்ளரின் உயரம், அரைக் கிலோ சர்க்கரையின் எடை. இன்று தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் சுமக்கும் 70-200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ்களோ ஒரு கிலோவுக்கு மேல். சில ஒன்றரைக் கிலோவையும் எட்டும்.

இந்தச் சிறுமை எப்படி வந்தது? மாயம் ஒன்றுமில்லை. வகுத்துப் பாருங்கள். 150-ஐ 4-ஆல் வகுத்தால் 37.5. அவ்வளவு மி.மீ. விட்டமுள்ள ஒளிக்கற்றை நுழைந்தால் போதும் என்பதால், 49 மி.மீ. வாயுள்ள குழாய் போதுமானதாயிற்று. 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71 வருகிறது. விட்டம் ஏறத்தாழ இரு மடங்கு. அதே வடிவமுள்ள கண்ணாடியின் விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வடிவமைப்பாளர்கள் ஒளியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். வீச்சையும் இரு மடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். தெளிவை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். நல்ல பொருள் என்பது எல்லாம் நிறைந்த பொருள் அன்று. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து செய்த பொருள். நான் இந்த லென்ஸ்களை மதிப்பது இதற்காகத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. நீளம் குவியத் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் கண்டிப்பான பொருளில் அது 'டெலிபோட்டோ'. பென்டாக்ஸ் 75-150 லென்ஸின் நீளம் 111 மி.மீ. அதன் பின்முகத்திலிருந்து பிலிம் வரை இன்னும் 45.5 மி.மீ. இருக்கிறது. கூட்டினால் 156.5. இது 150-ஐவிட அதிகம்! 80-200 லென்ஸில் 141-உம் 45.5-உம் கூட்டினால் 186.5. இது 200-ஐவிடக் குறைவு. ஆக, கடையில் இரண்டையும் 'டெலி' என்று சொன்னாலும், இரண்டாவதுதான் கண்டிப்பான டெலிபோட்டோ. பெயரை நம்பாமல் அளவுகோலை நம்பும் பழக்கத்தை இதிலிருந்தே தொடங்கலாம்.

எதிர்க் கேள்விகள்

"ஐயா, இன்றைய லென்ஸ் தானே குவியம் பார்க்கிறது, கை நடுக்கத்தையும் ஈடு செய்கிறது. பிளாஸ்டிக்கில் செய்வதால் எடையும் குறைவு. பழையது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடும் விளையாட்டு வீரரையும், கிளைக்குக் கிளை தாவும் சிட்டுக்களையும் படம் பிடிக்க வேண்டுமென்றால் புதியதே மேல். இருட்டில் எடுப்பதற்கும் எஃப் 4 லென்ஸ் போதாது. கை நடுக்கத்துக்கும் நீங்களே பொறுப்பு. 150 மி.மீ. நிலையில் படம் எடுக்கும் நேரம் 1/150 வினாடியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய விதி. 1/250 வைத்தால் கவலையில்லை.

"கைப்பேசியிலேயே ஜூம் இருக்கிறதே?" என்பது அடுத்த கேள்வி. திரையில் விரலால் பெரிதாக்குவதில் பெரும்பகுதி, பிம்பத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். புதிய தகவல் எதுவும் அதனால் வருவதில்லை. உயர்ந்த விலையுள்ள சில கைப்பேசிகளில் உண்மையான தொலைநோக்கு லென்ஸ் உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஒளியை ஒரு பட்டகத்தால் 90 பாகை திருப்பி, கைப்பேசியின் அகலவாக்கில் ஓடவிடுகிறார்கள். நீண்ட ஒளிப்பாதையைச் சிறிய இடத்தில் அடைப்பது எப்படி என்ற அதே பழைய கேள்விதான்! ஆனால் அந்த லென்ஸை நீங்கள் கையால் திருப்ப முடியாது. துளை சுருங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாது. பழைய லென்ஸில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பயில்வதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

என் மூன்று ஆண்டுச் சேமிப்பு

கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் நீண்ட ஜூம் லென்ஸ் ஒன்றைப் பார்த்தேன். அதன் பக்கத்திலேயே விலை குறைந்த சிறிய லென்ஸ் ஒன்றும் இருந்தது. கடைக்காரர் இரண்டையும் காட்டினார். நான் பெரியதைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது, கனமாக இருந்ததாலேயே நல்லது என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்கச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. மூன்று ஆண்டு சேர்த்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் ஒரு ஏரிக்கரையில் நாரைகளைப் படம் எடுத்தேன். எல்லாப் படங்களும் பாலில் நனைத்தவை போல வெளுத்திருந்தன. வீட்டில் டார்ச் விளக்கை லென்ஸின் வழியாக அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. பூஞ்சை! சுத்தம் செய்தும் பயனில்லை. அது சுரந்த அமிலம் பூச்சை அரித்திருந்தது. அந்த ஒரு நிமிட டார்ச் சோதனையைக் கடையிலேயே செய்திருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் இழக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேடுவது எப்படி?

முதலில் வீட்டில் தேடுங்கள். 1970-களிலும் 80-களிலும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பிய பெரியப்பாக்களும் மாமாக்களும் காமிரா கொண்டுவந்தது வழக்கம். பிலிம் காலம் போனதும் அவை பரணுக்குப் போயின. பழைய இரும்பு, பேப்பர்காரரிடம் போவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதன்பின் பழைய காமிரா விற்கும் கடைகள். எங்கே கிடைத்தாலும் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்று: துளையை முழுதாகத் திறந்து, இருபுறமும் மூடியைக் கழற்றி, டார்ச் விளக்கைச் சாய்வாக அடியுங்கள். ஓரிரு தூசுகளால் கெடுதல் இல்லை. இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை. மூடுபனி போலத் தெரிந்தால் உள்ளே படலம். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய வில்லைகள் பிரிகின்றன. மூன்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டு: எஃப் எண்ணை 16-இல் வைத்து, பின்புறத்தில் உள்ள சிறு நெம்புகோலைத் தட்டுங்கள். துளையின் தகடுகள் சட்டென்று சுருங்கி விரிய வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் அவற்றில் எண்ணெய் கசிந்திருக்கிறது.

மூன்று: லென்ஸைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஜூம் வளையம் தானாகச் சரிந்தால் உள்ளே தேய்மானம். நான் சொன்ன நிக்கான் 75-150 லென்ஸுக்கு இந்தக் குறை பேர்போனது. படம் கெடாது, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க இது நல்ல காரணம்!

நான்கு: உங்கள் காமிராவுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். லென்ஸின் பின்முகத்திலிருந்து பிலிம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு வகைக்கும் வேறு. நிக்கான் 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓ.எம். 46, பென்டாக்ஸ் 45.5, மினோல்ட்டா 43.5, பழைய கேனன் எஃப்.டி. 42. கண்ணாடி இல்லாத இன்றைய காமிராக்களில் இந்தத் தூரம் மிகக் குறைவு. சோனியில் 18 மி.மீ. மீதித் தூரத்தை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பினால் மேலே சொன்ன எல்லா லென்ஸும் வேலை செய்யும். ஆனால் 1987-இல் வந்த கேனன் இ.ஓ.எஸ். காமிராவில் அந்தத் தூரம் 44 மி.மீ. கேனனின் சொந்தப் பழைய லென்ஸ் அதில் வெற்று வளையத்தால் பொருந்தாது. தூரத்துப் பொருள் தெளிவாக விழாது. நிக்கான், பென்டாக்ஸ், ஒலிம்பஸ் லென்ஸ்களோ அதே காமிராவில் வெற்று வளையத்தால் அமையும்! ஒரு கழித்தல் கணக்கு எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்துகிறது, பாருங்கள்.

வாங்கியபின் காப்பதும் உங்கள் பொறுப்பு. நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்று பூஞ்சைக்கு விருந்து. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அதில் போட்டுப் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். உபயோகத்தில் இருக்கும் லென்ஸில் பூஞ்சை எளிதில் குடியேறாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. இந்த லென்ஸின் வழியாகச் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்காதீர்கள். சோதனையில் மரத்தின் ஒளியைக் குவித்த அதே வில்லை, சூரியனின் வெப்பத்தையும் குவிக்கும். பார்வை போனால் திரும்பாது. மூடி போடாமல் வெயிலில் வைப்பதும் ஆபத்து. தாளோ துணியோ தீப்பிடிக்கும்.

நான் அந்தப் பெரிய லென்ஸை விற்கவில்லை. விற்றால் இன்னொருவர் ஏமாறுவார். அதைப் பிரித்து, வில்லைகளை வரிசையாக ஒரு பலகையில் பொருத்தி, வகுப்புகளில் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன். அன்று நான் வாங்காமல் விட்ட சிறிய லென்ஸைப் போன்ற ஒன்று பல ஆண்டுகள் கழித்து உறவினர் ஒருவரின் பரணிலிருந்து கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அதே ஏரிக்கரைக்குப் போனேன். தோள் வலிக்கவில்லை, நாரைகளும் வெளுக்கவில்லை.

இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பரணில் ஏறுங்கள். லென்ஸ் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. பள்ளி திறந்ததும், குவிலென்ஸும் குழிலென்ஸும் உங்களுக்காக ஆய்வுக்கூட அலமாரியில் காத்திருக்கும்.